நானோ மருந்துக்காக அம்மாவின் கீமோவைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: பாம்பனுக்கு அருகே கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறோம். பாசி எடுக்கும் தொழில் செய்யும் என் அம்மாவுக்கு (51) மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாகியுள்ளது. முதலில் கீமோ, பிறகு அறுவை என்று மதுரையில் சொல்கிறார்கள். புற்றுச்செல்லை மட்டும் தேடிச் சென்று மருந்தை இறக்கி, ஸ்கேனிலும் காட்டிக்கொடுக்கும் ‘ஸ்மார்ட்’ நானோ துகள்கள் வந்துவிட்டன, பொறுத்திருங்கள் என்கிறார் வெளிநாட்டிலுள்ள மாமா. காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். மதுரையில் கொடுத்த தேதியில் முதல் கீமோவைத் தொடங்கிவிடுங்கள்.

உங்கள் மாமா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை நானோ அளவுக் கொழுப்பு உறைக்குள் அடைத்துச் செலுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி கிடைத்தது. அல்புமின் புரதத்தில் பிணைத்த பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து, பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2005-இல் வந்தது. இரண்டும் நம் நாட்டிலும் பயன்பாட்டில் உள்ளன. சுமார் 100 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள இத்துகள்கள் கட்டிக்குள் எப்படி நுழைகின்றன என்பது வலை அறிந்த உங்களுக்கு எளிதில் புரியும்: இயல்பான இரத்தக்குழாயின் சுவர் நெருக்கமான கண்ணுள்ள வலை, அவசர அவசரமாக வளரும் கட்டியின் குழாய்களோ ஆங்காங்கே கண் கிழிந்த வலை. அந்தக் கிழிசல் வழியாகத் துகள்கள் கசிந்து உள்ளே தங்குகின்றன.

ஆனால் செலுத்தியது முழுவதும் கட்டிக்குப் போய்ச் சேருவதில்லை. பத்தாண்டு கால விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு கட்டுரை, கட்டியை அடைந்தது ஏறத்தாழ 0.7 சதவீதம்தான் என்று காட்டியது. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. மருந்தையும் படம் எடுக்கும் பொருளையும் ஒரே துகளில் சுமந்து, கட்டியின் அமிலத்தன்மையை உணர்ந்து திறக்கும் துகள்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. அவை வரும்வரை அம்மாவின் கட்டி வளராமல் காத்திருக்காது.

படம் எடுப்பதில் மட்டும் ஒன்று ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. நோய் முதலில் பரவக்கூடிய அக்குள் நிணநீர்க்கணுவைக் கண்டறிய, அறுவைக்கு முன் மார்பில் செலுத்தும், டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கரைசலில் இருப்பவையும் நானோ அளவுத் துகள்களே. அம்மாவுக்கு அது பொருந்துமா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். பயாப்ஸி (சதைப் பரிசோதனை) அறிக்கையில் ஈஆர், பிஆர் (புற்றுச்செல்லின் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (புற்றுச்செல்லின் மேலுள்ள ஒரு புரதம்) முடிவுகள் உள்ளனவா என்றும் பாருங்கள். ஹெர்2 பாசிட்டிவ் என்றால், அதையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இன்றைக்கே கிடைக்கிறது.

அம்மாவின் தொழிலை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்கும் பெண்களின் கைகளை நான் பரிசோதித்திருக்கிறேன். ஆறிய கீறலின் மேலேயே புதுக் கீறல் இருக்கும். கொழுப்பு உறையிட்ட டாக்ஸோரூபிசின் தலைமுடியையும் இதயத்தையும் ஓரளவு காப்பாற்றினாலும், உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியச் செய்யக்கூடியது. எந்தக் கீமோவானாலும் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் பாறைக் கீறலில் கடல்நீர் பட்டால் கடுமையான தொற்று வரலாம் என்பதால், சிகிச்சை முடியும்வரை அவர் கடலில் இறங்கவே கூடாது. வருமானம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பயன்படுத்தி மருத்துவச் செலவையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். அம்மாவின் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும், மதுரைக்குப் போகலாம் என்று விடியலுக்குக் காத்திராமல், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் சென்று, கீமோ நடக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.