இரண்டாம் சாவி கையில் இருக்கும்போதே புதிய கார்ச் சாவியைச் செய்துவிடுங்கள்

சிங்கப்பூரில் உங்கள் கார்ச் சாவிகள் இரண்டில் ஒன்று தொலைந்து, புதியதற்குக் கார் முகவர் பல நூறு வெள்ளி கேட்கிறார் என்கிறீர்கள். அவர் அவ்வளவு கேட்பது, சாவியின் உலோகத்துக்காக அன்று. அதனுள் இருக்கும் சில்லுக்கும், அச்சில்லை உங்கள் காரின் கணினியில் பதிவு செய்யும் வேலைக்குமே பெரும்பகுதி போகிறது. இன்னொரு சாவி உங்களிடம் வேலை செய்வதால், செலவைக் குறைக்க வழியுண்டு.

எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டதாகக் கருதி முகவர் விலை சொல்லியிருக்கக்கூடும். அந்நிலையில் வண்டியை இழுத்துச் செல்லவும், சில மாடல்களில் திருட்டுத் தடுப்புப் பாகத்தையே மாற்றவும் நேரிடும் என்பதால் தொகை ஏறிவிடும். ஆகவே சாவி, அதன் உலோக அலகை வெட்டும் கூலி, பதிவுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிவிட்டு, அதே விவரத்தைக் காட்டிச் சின் மிங் அல்லது ஊபி பகுதியில் உள்ள, சாவிப் பதிவு செய்யும் பட்டறை ஒன்றிலும் கேளுங்கள். அடையாள அட்டையும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் எடுத்த வாகன விவரமும் உடன் இருக்கட்டும். உரிமையாளர் யார் என்று கேட்காமலே சாவி செய்து தரும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

பணம் கட்டும் முன் காப்புறுதி ஒப்பந்தத்தையும் புரட்டிப் பாருங்கள். சாவி இழப்புக்குச் சில ஒப்பந்தங்கள் ஈடு தருகின்றன.

ஓர் எச்சரிக்கை: இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய சாவியை வாங்காதீர்கள், ஏனெனில் வேறொரு காருக்குப் பதிவான சில்லைப் பல மாடல்களில் மறுபடி பதிவு செய்ய இயலாது. புதியது பதிவாகும்போதே, தொலைந்த சாவியைக் காரின் நினைவகத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அப்படி நீக்கிவிட்டால், அது யார் கையில் கிடைத்தாலும் எஞ்சின் இயங்காது. ஆனால் அதன் உலோக அலகு கதவைத் திறக்கும் என்பதால், வண்டிக்குள் விலையுயர்ந்த பொருளை வைக்க வேண்டாம்.