சேற்றுக்குள் புது உயிர்: கேள்வியும் பதிலும்

கேள்வி: ஆழ்கடல் சேற்றில் புதிய பாக்டீரியா இனம் கண்டுபிடித்ததாக அவ்வப்போது படிக்கிறேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாமே குச்சியும் உருண்டையுமாகத்தான் தெரிகிறது. புதிது என்று எப்படிச் சொல்கிறார்கள் சார்? எங்கள் அப்பா மடி வலையில் அள்ளி வரும் சேற்றிலும் அப்படி இருக்குமா? இருந்தால் எங்கள் ஊர்ப் பெயரை வைக்கலாமா?
- பி.எஸ்சி. மாணவி, முட்டம்

பதில்: குச்சி, உருண்டை என்று நீயே சொல்லிவிட்டாய் மகளே, அதுதான் சிக்கல். உருவத்தை நம்பி இங்கே ஒன்றும் ஆகாது. நான் பட்ட பாட்டைச் சொன்னால் உனக்குப் புரியும்.

2004-ல் ஆராய்ச்சிக் கப்பலில் போய்வந்த நண்பர் ஒருவர், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துச் சேற்றை ஐஸ் பெட்டியில் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். பார்க்க நம் குளத்துச் சேறு மாதிரிதான், ஆனால் விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல அவ்வளவு நைசு. கடல்நீர் உப்பு சேர்த்த அகார் தட்டில் பரப்பிக் குளிரில் வைத்தேன். அகார் என்பது கடற்பாசியிலிருந்து எடுப்பது, உங்களுக்குத் தெரியும்.

பத்தாம் நாள் ஒரு தட்டில் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் கடுகளவு புள்ளிகள். ஒவ்வொன்றின் கீழும் அகார் குழிந்திருந்தது. யாரோ நகத்தால் கீறிவிட்டார்கள் என்று உதவிக்கு இருந்த பையனைத் திட்டிக்கூட விட்டேன். அப்புறம்தான் உறைத்தது: தான் உட்கார்ந்திருக்கும் பாயையே அது தின்றுகொண்டிருக்கிறது! கடலில் அப்படிப்பட்டவை உண்டு. புது இனம்தான் என்று அன்று இரவு தூக்கமே இல்லை.

கம்பி வளையத்தால் கோடு இழுத்து இழுத்து, ஒரே புள்ளியிலிருந்து மூன்று முறை சுத்தமாகப் பிரித்தேன். ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைத்தது. எந்த உப்பில், எந்த வெப்பத்தில் வளர்கிறது என்றெல்லாம் நோட்டு நிரம்பியது. கடைசியில் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. என்ற, இனத்தை அடையாளம் காண உதவும் மரபணுவைப் படிக்க அனுப்பினேன். இது சுமார் 1,500 டி.என்.ஏ. எழுத்து நீளம். எல்லா பாக்டீரியாவிலும் இருப்பதால் ஒப்பிட வசதி. 1977-ல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த வகை மூலக்கூறை வைத்துத்தான், பார்க்க பாக்டீரியா போலவே இருக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களைத் தனிப் பிரிவு என்று காட்டினார். ஏற்கெனவே பெயர் வைத்தவற்றோடு ஒப்பிட்டு, ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அதாவது இருபது எழுத்தாவது மாறியிருந்தால், புதிதாக இருக்கலாம். என்னுடையதில் மாறியது மூன்றே எழுத்து. பழைய ஆள். பையனிடம் மன்னிப்புக் கேட்டேன், அது வேறு கதை.

இன்று இதோடு விடமாட்டார்கள். முழு மரபணுத் தொகுதியையும் படித்து, நெருங்கிய உறவுகளோடு ஒப்பிட்டு, ஒற்றுமை 95-96 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் தனி இனம் என்பார்கள். உயிருள்ள வளர்ப்பை வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைக்கவும் வேண்டும். சண்டிகரில் அப்படி ஒன்று இருக்கிறது. நாளை இன்னொருவர் வாங்கிச் சரிபார்க்க வேண்டுமே.

சரி, அப்பாவின் மடிச் சேறு. நம் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிப் பகுதி இருநூறு மீட்டர் ஆழத்துக்குள் அடங்கும் கடலடி மேடு, அதை ஆழ்கடல் என்று சொல்ல முடியாது. மூவாயிரம் மீட்டரில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல முந்நூறு மடங்கு. அதற்கே பழகிய சில ஜாதிகள் நம் மேசைக்கு வந்தால் வளரவே வளராது. ஆனால் கரையோரச் சேறு என்று இளக்காரம் வேண்டாம். சேற்றில் இருப்பவற்றில் தட்டில் வளர்வது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. யாரும் பார்க்காதது அதிலும் நிறையவே உண்டு.

பெயர் வைப்பதில் ஒரு மரபு: உன் பெயரை நீயே வைத்துக்கொள்ளக் கூடாது. ஊர்ப் பெயர் தாராளமாக வைக்கலாம், லத்தீன் வால் ஒட்ட வேண்டும். வானத்தில் பலூன் விட்டுப் பிடித்த காற்றில் கிடைத்த ஒன்றுக்கு நம் விஞ்ஞானிகள் 2009-ல் பேசில்லஸ் ஆரியபட்டாய் என்று வைத்தார்கள். பிறகு அதைப் பிரீஸ்டியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுப்பெயர் போனாலும் ஆரியபட்டர் கூடவே போனார்.

முட்டமென்சிஸ்... வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் சேறு கேட்கும்போது வெந்நீரில் கொதிக்கவைத்து ஆறிய மூடி போட்ட புட்டி ஒன்று கொடுத்துவிடு. மீன் ஐஸை அதற்குள் போட்டுவிடப் போகிறார், ஐஸைப் புட்டிக்கு வெளியே சுற்றி வைக்கச் சொல்.