எடைக்கு விளையுற தக்காளி

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல தக்காளி பத்திதான், அதனால மத்ததை ஓரமா வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சின்ன வயசுல செடில இருந்து பறிச்சு அப்படியே கடிப்போம், கையெல்லாம் தக்காளி வாசம் வரும். இப்ப பாக்க செக்கச்செவேல்னு இருக்கு, வெட்டினா தண்ணி, வாய்ல வெச்சா சப்புனு இருக்கு. கெமிக்கல் உரமும் மருந்தும் போட்டுப் போட்டுதான் இப்படி ஆயிடுச்சுன்னு எங்க மாமியார் சொல்றாங்க, நிஜமா சார்?

பதில்: கால்வாசி நிஜம்ங்க. மருந்து உடம்புக்கு என்ன பண்ணுதுங்கிறது வேற வழக்கு, அதை இங்க இழுக்கல, ஆனா ருசி போனதுக்கு முக்கியக் குற்றவாளி அது இல்ல. தக்காளில நூத்துக்கு 94, 95 பங்கு வெறும் தண்ணி, மிச்சம் இருக்கிற அஞ்சாறு பங்குக்குள்ளதான் சர்க்கரை, புளிப்பு, மணம், தோல், விதை எல்லாமே அடங்கணும். விவசாயிக்கு காசு வர்றது எடைக்கு, ருசியா இருக்குன்னு யாரும் கூட ஒரு ரூபா தர்றதில்ல, அப்புறம் அவர் எடை கூடுற வழிலதானே போவாரு, அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம். எடைன்னா என்ன, தண்ணிதான்.

ஒரு செடியோட இலையால ஒரு நாளைக்கு இவ்வளவு சர்க்கரைதான் செய்ய முடியும்னு ஒரு அளவு இருக்கு. பத்து காய் தொங்கினா பத்துக்குப் பங்கு, முப்பது தொங்கினா முப்பதுக்குப் பங்கு. இப்ப வர்ற ரகங்கள் காய்ச்சுக் கொட்டுது, ஆனா இலை அந்த அளவுக்கு கூடல, பந்தில ஆள் கூடினா சாம்பார்ல தண்ணி சேக்குற கதைதான்.

இன்னொரு விஷயம், பழைய ரகங்கள்ல காய் பச்சையா இருக்கும்போது காம்பைச் சுத்தி தோள்பட்டை மட்டும் கரும்பச்சையா இருக்கும், பழுத்தா நிறம் திட்டுத்திட்டா வரும். அது அழகா இல்ல, எப்ப பறிக்கிறதுன்னு பாக்கவும் குழப்பம்னு காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையா இருக்கிற ரகங்களை பல பத்து வருஷமா தேடித்தேடி வளர்த்தாங்க. 2012ல விஞ்ஞானிகள் இந்த நிறத்துக்குக் காரணமான ஜீனை கண்டுபிடிச்சுப் பாத்தா, அந்தக் கரும்பச்சை சும்மா அழகுக்கு இல்ல, காய் தனக்குத்தானே சர்க்கரை செஞ்சுக்கிற இடம் அதுன்னு தெரிஞ்சுது. ஒரே மாதிரி சிவப்பு வேணும்னு கேட்டோம், கிடைச்சுது, இனிப்பு குறைஞ்சு போச்சு. 2017ல அமெரிக்காவுல ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆளுங்க முன்ன நின்னு செஞ்ச ஆய்வுல சுமார் 400 ரகங்களோட ஜீன்களைப் படிச்சாங்க, மணத்துக்கும் ருசிக்கும் காரணமான 13 பொருள்கள் புது ரகங்கள்ல கணிசமா குறைஞ்சிருந்துச்சு. யாரும் வேணும்னு எடுக்கல, எடையும் கெட்டித்தோலும் மட்டும் பாத்து பொறுக்கிக்கிட்டே வந்ததுல தானா நழுவிப் போச்சு.

உங்க மாமியாரோட கால்வாசி எங்கன்னா, தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். யூரியாவை அள்ளிப் போட்டா செடி இலையும் தண்டுமா கொழுத்து நிக்கும், காய் பெருசாகும், ஊதின மாதிரி இருக்கும். சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், குறைஞ்சா புளிப்பும் போகும், பழுக்கிறதும் மஞ்சத்திட்டா போகும். அதுக்கு மேல தூரமா லாரில போகணும்னு காயை முத்தின பச்சையிலயே பறிச்சு எத்திலின் வாயு விட்டு பழுக்க வைக்கிறாங்க, நிறம் வந்துரும், ஆனா காம்பு அறுந்ததும் செடில இருந்து சர்க்கரை வர்ற வழி அடைச்சாச்சே.

கேள்வி: அப்போ ஆர்கானிக் தக்காளி வாங்கினா ருசி கேரண்டியா?

பதில்: கேரண்டி எல்லாம் கிடையாதுங்க. அதே ஊதின ரகத்தை இயற்கை உரத்துல வளர்த்து பச்சையா பறிச்சா அதுவும் சப்புனுதான் இருக்கும், மேல ஸ்டிக்கர் மட்டும் வேற. ஆனா ஒண்ணு, தொழு உரம் சத்தை மெதுவா விடும், செடி அளவா வளரும், காய் கொஞ்சம் சின்னதா ஆனா அடர்த்தியா வர வாய்ப்பு அதிகம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல பத்து வருஷம் இயற்கை உரம், கெமிக்கல் உரம்னு ரெண்டு முறையிலயும் வளர்த்துப் பாத்து 2007ல சொன்னாங்க, இயற்கை முறை தக்காளில க்வெர்செட்டின் 79 சதவீதம், கேம்ப்ஃபெரால் 97 சதவீதம் அதிகம்னு. இதெல்லாம் உடம்புக்கு நல்லதுன்னு சொல்ற பொருள்கள், ருசி கணக்குல வராது. அதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா மண்ணு வளமானப்புறம் தொழு உரத்தோட அளவைக் குறைச்சாங்க, அந்தக் காலத்துலதான் இதெல்லாம் ஏறியிருக்கு. எருவா இருந்தாலும் அளவுக்கு மிஞ்சினா தழைச்சத்துதானே.

கேள்வி: மொட்டை மாடில தொட்டில தக்காளி வெச்சிருக்கேன். தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறேன், பழத்துக்கு வெயில் படட்டும்னு இலையெல்லாம் கிள்ளி விட்டுட்டேன். பழம் வெடிக்குது, சிலது அடில கருகுது, ருசியும் இல்ல. என்ன தப்பு பண்றேன்?

பதில்: முதல்ல அந்த இலையை விடுங்க பிரதர்! வெயில் முக்கியமா வேண்டியது இலைக்கு, பழத்துக்கு அவ்வளவா இல்ல, சமையல்காரரை அனுப்பிட்டு சாப்பாடு வரலன்னா எப்படி. மண்ணைத் தொட்டுட்டு கிடக்கிற அடி இலை, நோய் வந்த இலை மட்டும் எடுங்க.

தண்ணி விஷயத்துல, காய் முழு அளவுக்கு வந்து நிறம் திரும்ப ஆரம்பிச்சதும் குறைங்க. செடி வாடிப் போற அளவுக்கு இல்ல, மேல்மண் காஞ்சதும் ஊத்தற அளவுக்கு. பழம் சின்னதாகும், எடை போகும், ஆனா இனிப்பும் புளிப்பும் அடர்த்தியா வரும், எடையா ருசியான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, நீங்க விக்கப் போறதில்லையே. ஆனா மூணு நாள் காயப் போட்டுட்டு நாலாம் நாள் குடம் குடமா ஊத்திராதீங்க, தோல் தாங்காம வெடிக்கிறது அதனாலதான். அடி கருகறது கால்சியம் காய் நுனி வரைக்கும் போய்ச் சேராததால, பல நேரம் மண்ணுல கால்சியம் இருக்கும், தண்ணி ஏறுக்குமாறா போறதால செடியால கொண்டு போக முடியாது. முட்டை ஓட்டை நுணுக்கிப் போடறதுக்கு முன்னாடி தண்ணியை சீராக்குங்க, அது மக்கி சத்தாகறதுக்குள்ள உங்க செடி காய்ச்சு முடிஞ்சிரும்.

கேள்வி: மண்ணே இல்லாம வளர்க்கிற ஹைட்ரோபோனிக் தக்காளி ருசியா இருக்குமா?

பதில்: இருக்கலாம். ஓடற தண்ணில உப்புச்சத்தோட அடர்த்தியைக் கொஞ்சம் கூட்டினா செடி தண்ணியை கஷ்டப்பட்டுதான் உறிஞ்சும், பழத்துல சர்க்கரை ஏறும், மகசூல் இறங்கும், மறுபடியும் அதே கணக்கு. வெளிச்சம் கம்மியா இருக்கிற மாசத்துல விளைஞ்சதுன்னா மட்டும் பெருசா எதிர்பாக்காதீங்க.

கேள்வி: தக்காளிய ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா கூடாதா, வீட்ல தினம் சண்டை.

பதில்: முழுசா பழுக்காததுன்னா கூடவே கூடாது, சுமார் 12 டிகிரிக்கு கீழ போனா மணம் செய்யற வேலையே படுத்துரும். 2016ல ஒரு ஆய்வுல 5 டிகிரில ஒரு வாரம் வெச்சு எடுத்து, அப்புறம் வெளிய வெச்சும் பாத்தாங்க, சர்க்கரை புளிப்பு பெருசா மாறல, போன மணம் மட்டும் சரியா திரும்பல. நல்லா பழுத்து இன்னும் ரெண்டு நாள்ல அழுகிரும்னா வைங்க, வெட்டி மிச்சமான பாதியையும் வைங்க, சாப்பிடறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி வெளிய எடுத்துருங்க.