பூதப்பாண்டி போகிறவர்கள் கேட்டவை

கேள்வி: அண்ணாச்சி, நாகர்கோவிலிலிருந்து எப்படிப் போவது?

புத்தேரி, இறச்சகுளம் வழியாக டவுன் பஸ் உண்டு. பத்து கிலோமீட்டர் வரும்.

கேள்வி: வயல் பச்சையாக இருக்கும்போது வர ஆசை. எந்த மாதம்?

நல்ல கேள்வி. இங்கே இரண்டு பூ, அதாவது இரண்டு நெல் போகம். கன்னிப்பூ சித்திரை, வைகாசியில் தொடங்கி கன்னி மாதமான புரட்டாசியையொட்டி அறுப்பாகும். கும்பப்பூ மாசி வாக்கில் அறுப்பு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் இரண்டுமே கிடைக்கிற மாவட்டம் என்பதால் இந்தக் கணக்கு. ஆடியிலோ மார்கழியிலோ வாருங்கள். பழையாற்றங்கரையில் நின்றால் வயலுக்குப் பின்னால் தாடகை மலை தெரியும். மல்லாந்து கிடக்கிற பெண் உருவம் என்பார்கள், சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். கோயிலை விடாதீர்கள். பூதலிங்கசுவாமியின் கருவறை பாறையைக் குடைந்தது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள். தேர் பார்க்க வேண்டுமானால் தை மாதம்.

கேள்வி: மலையாறு ஓடும் காளிகேசத்தில் குளிக்கலாமா?

மலையில் மழை என்றால் இறங்காதீர்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலேயிருந்து வெள்ளம் வந்துவிடும்.

கேள்வி: கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா (ப. ஜீவானந்தம்) பிறந்த ஊர்தானே?

ஆமாம், 1907-ல். இயற்பெயர் சொரிமுத்து. அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கியவர் இந்தத் தெருக்களில் வளர்ந்தவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மணிமண்டபம் நாகர்கோவிலில் இருக்கிறது.

கேள்வி: நாஞ்சில்நாட்டு அரண்மனையான பத்மநாபபுரத்தையும் அன்றே பார்க்கலாமா?

திங்கட்கிழமை தவிர பார்க்கலாம். ஆனால் அது நாஞ்சில்நாட்டு அரண்மனை இல்லை. நாஞ்சில்நாடு தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள். பத்மநாபபுரம் இருப்பது கல்குளத்தில், அது பழைய வேணாடு அரசின் பக்கம்.

கேள்வி: நான் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்துத் தக்கலைக்காரன். மாவட்டம் முழுக்க நாஞ்சில்நாடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

தம்பி, 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. குழப்பம் அதிலிருந்து வந்தது. பழையாற்றுப் பாசனத்து நெல் நாடு வேறு, உங்கள் மேட்டு நிலத் தோட்டப் பகுதி வேறு. பேச்சே மாறும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா ஆண்ட ஊர் என்ற பெருமை உங்களுக்குப் போதாதா? எங்கள் பெயரும் எதற்கு?

கேள்வி: அண்ணாச்சி, காளிகேசத்தில் பிள்ளைகளைக் குளிக்க வைக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். மழை நாளில் பிள்ளைகளைக் கரையில்கூட நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தங்க லாட்ஜ்?

நாகர்கோவிலில் தங்குங்கள்.

கேள்வி: காளிகேசத்தில் ஆழம் எவ்வளவு?

ஆழம் கேட்காதீர்கள், மழை கேளுங்கள். அடுத்த கேள்வி வேறு ஏதாவது இருக்கட்டும்.