ஒரு பஞ்சாயத்து கார்பனைக் குறைத்து என்ன ஆகிவிடப் போகிறது?

கூடலூர்–வயநாடு எல்லையில் மக்கள் காலநிலை மாற்றத்தை நம்புகிறார்களா, ஊராட்சி அளவில் கார்பன் உமிழ்வைக் (காற்றில் கலக்கும் கரியமில வாயுவை) குறைப்பது வீண் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பிக்கை இங்கே பிரச்சினையே இல்லை. 2024 ஜூலை 30 அன்று கனமழை நிலச்சரிவில் வயநாட்டு ஊர்களான முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்த பிறகு, மழையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "புகை விடுவது பெரிய நாடுகள், நாம் என்ன செய்ய?" என்பதுதான் டீக்கடைப் பேச்சு. அதில் நியாயம் உண்டு: இந்தியரின் சராசரி உமிழ்வு உலக சராசரியில் பாதிகூட இல்லை.

ஆனாலும் வயநாட்டு மீனங்காடி பஞ்சாயத்து 2016இல் கார்பன் சமநிலைத் திட்டத்தை, அதாவது வெளிவிடும் கார்பனையும் மரம், மண் உறிஞ்சும் கார்பனையும் சமமாக்கும் திட்டத்தை, தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தது மர வங்கி. தோட்டத்து மரங்களை அடகு வைத்தால், மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன். வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். மரம் நடச் சொல்லி வெறும் உபதேசம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். சரி, 50 ரூபாய் போதுமா? மகள் கல்யாணம் வந்தால் மரவியாபாரி கொடுக்கும் விலைதான் ஜெயிக்கும். தொகை உயர வேண்டும்.

உமிழ்வைக் கூட்டும் பேருந்து, மின்சாரமெல்லாம் பஞ்சாயத்தின் கையில் இல்லை. அதை மாநில அரசுதான் பார்க்க வேண்டும். 2050க்குள் கார்பன் சமநிலை என்று கேரளம் இலக்கு வைத்திருக்கிறது.