குமிழி எல்லாம் ஒரே அளவா?

கேள்வி: இதய ஸ்கேனின்போது ஊசியில் நுண்குமிழி மருந்து ஏற்றினார்கள். குமிழிகள் அடைத்துக்கொள்ளாதா? எல்லாம் ஒரே அளவில் இருக்குமா?

பதில்: பயம் வேண்டாம். டெஃபினிட்டி என்ற மருந்தையே பாருங்கள், குப்பியில் தெளிந்த திரவம், அதன் மேல் ஆக்டாஃப்ளூரோபுரோப்பேன் வாயு. அதற்கென்றே உள்ள கருவியில் 45 விநாடி குலுக்கினால் கொழுப்புப் படலம் வாயுவைப் பொதிந்துகொண்டு பால் மாதிரி வெளுத்துவிடும். சராசரி விட்டம் 1.1 முதல் 3.3 மைக்ரான்தான், சிவப்பணுவைவிடச் சிறியது, நுரையீரலின் தந்துகிகளை (மிக மெல்லிய இரத்தக்குழாய்களை) அடைக்காமல் தாண்டிவிடும்.

ஆனால் ஒரே அளவு இல்லை. குலுக்கினால் சின்னதும் பெரிதும் கலந்தே வரும். ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலியலைக்கு ஒவ்வொரு அளவும் ஒவ்வோர் அதிர்வெண்ணில்தான் பலமாக எதிரொலிக்கும் என்பதால் இது பெரிய குறைதான். மெல்லிய துளையில் வாயுவைத் திரவம் இருபுறமும் நெருக்கி, ஒவ்வொரு குமிழியாகக் கிள்ளிவிடும் நுண்பாய்வு முறையில் அளவு ஒன்றுபோல் வருகிறது. அப்புறம் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் காப்பதுதான் பெரும்பாடு.