‘குண்டம்மா கதா’: கேளுங்கள், சொல்கிறேன்

நிவேதா, ஓசூர்: பாட்டி வாரம் ஒரு தடவையாவது இந்தப் படத்தைப் பற்றிப் பேசிவிடுவார். கதைதான் என்ன அண்ணா?

1962-இல் வந்த தெலுங்குப் படம் இது. குண்டம்மா (சூரியகாந்தம்) பணக்கார விதவை. கணவரின் முதல் தாரத்து மகள் லட்சுமியை (சாவித்திரி) வீட்டு வேலைக்காரியாக நடத்துகிறாள். சொந்த மகள் சரோஜாவை (ஜமுனா) தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறாள். குண்டம்மாவின் மறைந்த கணவருக்கு நண்பரான ஜமீன்தார் வெங்கட்ராமய்யா (எஸ்.வி. ரங்கா ராவ்) தன் இரண்டு மகன்களுக்குப் பெண் தேடுகிறார். மூத்தவன் அஞ்சி (என்.டி. ராமா ராவ்) வேலைக்காரனாக அந்த வீட்டுக்குள் நுழைகிறான். இளையவன் ராஜா (ஏ. நாகேஸ்வர ராவ்) சரோஜாவைக் காதலித்து மணக்கிறான். வேலைக்காரனுக்கு லட்சுமியைக் கட்டிக் கொடுத்துவிட்டால் செலவு மிச்சம் என்று குண்டம்மா போடும் கணக்குதான் அவளுக்கே தெரியாமல் லட்சுமிக்கு விடிவாகிறது. கடைசியில் துர்கா (சாயாதேவி) என்று ஒரு அம்மாள் வந்து குண்டம்மாவை அவள் வீட்டிலேயே ஆட்டிப்படைக்க, காப்பாற்ற ஓடி வருவது அதே லட்சுமி. முடிவைச் சொன்னாலும் கெடாத படம் இது, கவலை வேண்டாம்.

ரமேஷ், வேலூர்: என்.டி.ஆர்., ஏ.என்.ஆர். இரண்டு பேரும் இருக்கும்போது குணச்சித்திர நடிகையின் பாத்திரத்தின் பெயரிலா படம்?

சூரியகாந்தம் அப்படிப்பட்டவர் சார். அந்தக் காலத் தெலுங்குப் படத்தில் கொடுமைக்கார மாமியார், சித்தி என்றால் அவர்தான். இடது கையை வீசி வீசி அவர் பேசும் விதத்தைப் பார்த்தாலே மருமகள்கள் நடுங்கிப் போவார்கள். அவருக்குப் பிறகு ஆந்திராவில் யாரும் பெண் குழந்தைக்குச் சூரியகாந்தம் என்று பெயர் வைக்கத் துணியவில்லை என்று இன்றைக்கும் வேடிக்கையாகச் சொல்வார்கள். நிஜத்தில் படப்பிடிப்புக்கு வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் பரிமாறுகிறவர்.

ஆனால் குண்டம்மாவை வில்லி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற அப்பாவி அவள். பால்கார கண்டய்யா (ரமணா ரெட்டி) காதில் ஓதியதை அப்படியே விழுங்குகிறாள். வாய் மட்டும்தான் நீளம், உள்ளே சூது கிடையாது. அதனால்தான் துர்கா அவளைப் படுத்தும்போது ‘நல்லா வேணும்’ என்று ஆரம்பிக்கிற நாமே, கொஞ்ச நேரத்தில் ‘ஐயோ, போதும்’ என்கிறோம். அழுமூஞ்சிக் குடும்பப் படமாகப் போயிருக்க வேண்டிய கதை சிரிப்புப் படமாக நிற்பதற்குக் காரணம் இந்த அம்மாள்தான். இரண்டு நாயகர்களில் ஒருவரை மாற்றிப் போட்டாலும் இந்தப் படம் நின்றிருக்கும். இவரை மாற்றியிருந்தால் நின்றிருக்காது.

சுதா, கோவை: இது தெலுங்கின் சொந்தக் கதைதானா?

இல்லை. 1958-இல் வந்த ‘மனெ தும்பித ஹெண்ணு’ என்ற கன்னடப் படம்தான் மூலம். அதை இயக்கியவர் பி. விட்டலாச்சார்யா. ஆமாம், பின்னால் ‘ஜகன்மோகினி’ எடுத்தாரே, அதே மாயாஜால விட்டலாச்சார்யாதான்! தெலுங்கில் எடுத்தது நாகி ரெட்டி, சக்ரபாணி இருவரின் விஜயா நிறுவனம். கதையைச் சக்ரபாணி நிறைய மாற்றினார். சரோஜாவின் திமிரை அடக்கும் பகுதிக்கு ஷேக்ஸ்பியரின் ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ என்ற அடங்காப்பிடாரி நாடகம் தூண்டுதல். வசனம் டி.வி. நரச ராஜு. இயக்கம் கமலாகர காமேஸ்வர ராவ், அடுத்த வருடமே ‘நர்த்தனசாலா’ என்ற புராணப் படத்தை எடுத்தவர்.

கார்த்திக், சென்னை: டைட்டிலில் நடிகர்களின் பெயரே வராதாமே?

முக்கிய நடிகர்களின் படங்களைத்தான் காட்டுவார்கள், பெயர் இருக்காது. என்.டி.ஆருக்கு இது 100-வது படம், ஏ.என்.ஆருக்கு 99-வது. யார் பெயரை முதலில் போட்டாலும் மற்றவரின் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? இன்னொரு சங்கதி: மனஸ்தாபத்தால் இவர்கள் இருவரும் ஜமுனாவோடு சில வருடங்கள் நடிக்காமல் இருந்தார்கள். தயாரிப்பாளர்கள் நடுவில் நின்று சமாதானம் செய்துவைத்த பிறகுதான் மூவரும் இதில் சேர்ந்தார்கள். சாவித்திரியையும் சேர்த்து நாலு பேருடைய கால்ஷீட்டும் ஒத்துவராமல் ‘கோலோ கோலோ’ பாட்டைத் தனித்தனியாக எடுத்து எடிட்டிங்கில் ஒட்டினார்கள். சொன்னால்தான் தெரியும்.

மெர்லின், நாகர்கோவில்: கணவன் குடிகாரனாக நடித்து மனைவியைத் திருத்துகிறானாம். இன்றைக்கு இதைச் சகிக்க முடியுமா?

எனக்கும் அந்தப் பகுதி உறுத்தும். ராஜா சரோஜாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தோட்ட வேலை செய்ய வைப்பது, அதுவும் அவளுக்கே தெரியாமல் அவளுடைய மாமனார் வீட்டில்! ஜமுனா ஒரு முறைப்பிலேயே நம்மை அவள் பக்கம் இழுத்துவிடுகிறார், அது வேறு விஷயம். காலத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் அதே படத்தில்தான் அஞ்சியும் லட்சுமியும் இருக்கிறார்கள். அரை டிராயரோடு என்.டி.ஆர். ஆட்டுக்கல்லைச் சுழற்றிக்கொண்டே ‘லேசிந்தி நித்ர லேசிந்தி மஹிளா லோகம்’, அதாவது பெண்ணுலகம் விழித்துக்கொண்டது, என்று பாடுகிறார். கேலி பாதி, பாராட்டு பாதி. உச்சத்தில் இருந்த நாயகன் 1962-இல் மாவாட்ட உட்கார்ந்தாரே, அதைச் சேர்த்துப் பாருங்கள். இளைய ஜோடியின் கதையில் இருக்கிற அதிகாரம் மூத்த ஜோடியிடம் இல்லை.

பாலாஜி, மதுரை: ஒரே ஒரு பாட்டு சொல்லுங்க சார்.

‘எந்த ஹாயி ஈ ரேயி’, அதாவது இந்த இரவு எவ்வளவு இதம். கண்டசாலா இசை, பிங்கலி நாகேந்திர ராவ் வரிகள். ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. அவருடைய நிலா வெளிச்சத்தை ‘மாயா பஜார்’ படகுப் பாட்டில் பார்த்திருப்பீர்கள்.

ஜெயந்தி, திருச்சி: தமிழில் வந்ததா?

வந்தது. அதே 1962-இல் ‘மனிதன் மாறவில்லை’, சக்ரபாணியே இயக்கினார். என்.டி.ஆர். இடத்தில் ஜெமினி கணேசன். சாவித்திரி, ஜமுனா, நாகேஸ்வர ராவ் அப்படியே. நாகேஸ்வர ராவுக்கு அதுதான் 100-வது படம். ஆனால் தெலுங்குப் படத்துக்குக் கிடைத்த பெயர் இதற்குக் கிடைக்கவில்லை.

அருண், பெங்களூரு: புதிதாக யாராவது எடுக்கிறார்களா?

அந்த இரண்டு நாயகர்களின் வாரிசுகளை வைத்து எடுக்கலாம் என்று பேச்சு அடிக்கடி கிளம்பும், அப்புறம் அடங்கிவிடும். சூரியகாந்தத்துக்கு எங்கே போவார்கள்?

கமலா, ஈரோடு: தெலுங்கு தெரியாதவர்களுக்குப் புரியுமா?

தாராளமாக. வீட்டுப் பேச்சுதான், அடுக்கு வசனம் இல்லை. பிடித்துவிட்டால் அடுத்து ‘மிஸ்ஸம்மா’ (1955) பாருங்கள். அதே விஜயா நிறுவனம், அதே நான்கு பேர். தமிழ் ‘மிஸ்ஸியம்மா’ பார்த்தவர்களுக்குக் கதை பாதி தெரிந்ததாகவே இருக்கும்.